பெயர் பிறந்த கதை – 9: உதிர்ந்த ஓர் எழுத்து

சென்ற வாரம் ஜாவாத் தீவின் பத்தாவியாவில், கோழிக்கூண்டுகளுக்குப் பக்கத்தில் கதையை நிறுத்தியிருந்தோம்.

ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் மடங்கி விழுந்தன. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்துச் சோற்றைக் கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். தவிடு போகாத மலிவு அரிசி வந்தது. கோழிகள் எழுந்து நடந்தன. டச்சு மருத்துவர் எய்க்மன் இதைக் கண்டுகொண்டார். ஆனால் வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்றே அவர் நினைத்தார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901-இல் கணக்கைத் திருப்பிப் போட்டார். நஞ்சு எதுவும் இல்லை. உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று தீட்டும்போது போய்விடுகிறது என்றார்.

போகிற அந்த ஒன்று எது? யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அதற்கு ஒரு பெயரும் இல்லை.

இன்று மருந்துக்கடையில் குழந்தைகூடக் கேட்டு வாங்குகிற பெயர் அது: வைட்டமின். அந்தச் சொல் ஒரு தவறான ஊகத்திலிருந்து பிறந்தது. பிறந்து எட்டு ஆண்டுகளில் அதன் கடைசி எழுத்தை வெட்டி எறிந்தார்கள். வெட்டியவர், பெயரிட்டவரோடு ஒரே ஆய்வகத்தில் உழைத்தவர்.

அங்கே போவதற்கு முன் மலாயாவுக்குப் போகவேண்டும். பெயரிடுகிற துணிச்சல் லண்டனில் பிறந்தது என்றால், அந்தத் துணிச்சலுக்கான சான்று மலாயாவின் சோற்று உலைகளில் வெந்துகொண்டிருந்தது.

மூன்று உலைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக, அந்தக் கோழிகளின் நோயைப் போன்ற பெரிபெரி நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் கால் மரக்கும். கெண்டைக்கால் சதையை அமுக்கினால் உயிர் போகிற வலி. பிறகு பாதம் தொங்கிவிடும். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை உயரத் தூக்கி வைக்கவேண்டும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து ஊதும். நேற்று வரை மண் வெட்டியவர், இன்று மூச்சுத் திணறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்.

கிருமிதான் காரணம் என்றார்கள் பலர். லூயி பாஸ்டரும் ராபர்ட் கோக்கும் மருத்துவ உலகை மாற்றிவிட்டிருந்த காலம். ஒவ்வொரு நோய்க்கும் பின்னால் ஒரு கிருமியைத் தேடுவதே அறிவியல் என்று இருந்தது. ஈரமண்ணிலிருந்து எழும் கெட்ட காற்று என்றார்கள் சிலர். இனத்தின் உடல்வாகு என்றும் ஒரு பேச்சு இருந்தது.

அந்தப் பேச்சுக்கு இடம் தருவது போல ஒரு காட்சியும் கண்முன் இருந்தது. அதே ஊரில், அதே வெயிலில், அதே மழையில் உழைத்த தமிழர்களிடம் பெரிபெரி அரிதாகவே தென்பட்டது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியனார்ட் பிராடன் இனத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உலையைப் பார்த்தார்.

சீனர்களின் உலையில் சயாமிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த பச்சரிசி. ஆலையில் நன்றாகத் தீட்டி, வெள்ளைவெளேரென்று ஆக்கி அனுப்பியது. மலாய்க் குடியானவர் வீட்டில் அவ்வப்போது உரலில் குத்திய அரிசி. தமிழர் உலையில் புழுங்கல்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன அந்த மக்கள் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் பட்ட பாடு கொஞ்சமல்ல. மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் ஏராளமானோர் மடிந்தார்கள். ஆனால் இந்த ஒரு நோயிலிருந்து அவர்களைக் காத்தது அரசும் அல்ல, துரையும் அல்ல. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன்பிறகே குத்துகிற வழக்கம். அவித்த நெல்லில் உமி எளிதாகக் கழலும், குருணை அதிகம் விழாது, மூட்டையில் நாள்பட இருக்கும். இதற்காக வந்த வழக்கம்தான். ஆனால் அவிக்கும்போதே தவிட்டில் உள்ள சத்தில் ஒரு பங்கு நீரில் கரைந்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பிறகு ஆலை தவிட்டை உரித்தாலும் உள்ளே இறங்கியதை உரிக்க முடியாது.

இந்த விளக்கமெல்லாம் பின்னால் வந்தது. பிராடனுக்கு இது தெரியாது. பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது, புழுங்கலில் அது ஊறுவதில்லை என்பதே அவர் கட்சி. 1907-இல் ஒரு தடித்த நூலாகவே அதை எழுதினார். காரணம் பற்றிய அவர் ஊகம் பிழை. ஆனால் எந்த உலையைப் பார்க்கவேண்டும் என்று காட்டியது அவர் விரல்தான். மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் எய்க்மனிலிருந்து நேரே லண்டனுக்குத் தாவிவிடுகிறார்கள். பிராடனுக்கு அது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

ஒற்றைப்படை, இரட்டைப்படை

கோலாலம்பூர் மனநோயாளர் விடுதி. 1905-ஆம் ஆண்டில் அங்கே 94 பேருக்குப் பெரிபெரி கண்டது. 27 பேர் இறந்தார்கள்.

அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் வில்லியம் ஃப்ளெட்சர். பிராடனின் அரிசிப் பேச்சு உண்மையா என்று பார்த்துவிட முடிவு செய்தார்.

விடுதியின் அமைப்பே சோதனைக்கென்று கட்டியது போல் இருந்தது. நாலுபுறமும் உயர்ந்த மதில். நடுவே முற்றம். முற்றத்தின் கிழக்கே ஒரு கட்டடம், மேற்கே ஒரு கட்டடம். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன.

1905 டிசம்பர் 5. நோயாளிகள் அனைவரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார்கள். இடதுபக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் கிழக்குக் கட்டடத்துக்குப் போனார்கள். வழக்கமான சயாம் பச்சரிசியே அவர்களுக்குத் தொடர்ந்தது. இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு வங்காளத்திலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்றபடி கறி, காய், மீன் எதிலும் மாற்றமில்லை.

ஓராண்டு கழிந்தது.

1906 முடிவில் ஃப்ளெட்சர் கணக்கெடுத்தார். பச்சரிசி தின்ற 120 பேரில் 30-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்துவிட்டார்கள். புழுங்கல் தின்ற 123 பேரில் இரண்டே பேருக்கு நோய் இருந்தது. அந்த இருவரும் விடுதிக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தை வேகமாகக் கடந்து போக மனம் வரவில்லை. வரிசையில் நிற்கும்போது ஒரு ஆள் முன்னே பின்னே நகர்ந்திருந்தால் அந்த 18 பேரில் சிலர் பிழைத்திருப்பார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களில் எவருக்கும் யாரும் சொல்லவில்லை. அன்று அப்படிச் சொல்லவேண்டும் என்ற எண்ணமே மருத்துவர்களிடம் இல்லை. வைட்டமின் என்ற சொல்லுக்குள் ஒரு வேதியியலாளரின் பெயர் இருக்கிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. கிழக்குக் கட்டடத்தில் இறந்தவர்களும் அதற்குள் இருக்கிறார்கள்.

அடுத்து வந்த ஹென்றி ஃப்ரேசரும் ஸ்டாண்டனும் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள். நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் சாலை போட வந்த 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். பச்சரிசி அணியில் நோய் தலைகாட்டியதும் அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் அணி மாறியது. இடத்தில் கோளாறு இல்லை, கிருமியும் இல்லை, அரிசிதான் என்பது உறுதியானது. அரிசியைச் சாராயத்தில் ஊறவைத்துக் கழுவினால் நல்ல அரிசியும் கெட்டுப்போவதையும் அவர்கள் காட்டினார்கள். ஆக, நஞ்சு சேர்வதில்லை; ஏதோ ஒன்று கழுவிக்கொண்டு போகிறது. தவிட்டில் இருக்கிறது, சாராயத்தில் கரைகிறது.

கரைகிறது என்றால் பிரித்தெடுக்கலாம். பிரித்தெடுக்க வேதியியல் தெரிந்த ஒருவர் வேண்டும்.

தேம்ஸ் கரையில் ஒரு போலந்துக்காரர்

காசிமிர் ஃபங்க் வார்சாவில் 1884-இல் பிறந்தவர். அந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. தந்தை தோல் மருத்துவர். இருபது வயதில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் முனைவர் பட்டம். பிறகு பாரிஸ், பெர்லின், வீஸ்பாடன் என்று ஊர் ஊராக ஆய்வக வேலை. 1910-இல் லண்டன் செல்சி பகுதியில் தேம்ஸ் நதியோரம் இருந்த லிஸ்டர் நோய்த்தடுப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 26 வயது.

நிலையத்தின் இயக்குநர் சார்லஸ் மார்ட்டின் அவர் கையில் பெரிபெரியைக் கொடுத்தார். தீட்டிய அரிசியில் புரதத்தின் ஏதோ ஒரு கூறு குறைகிறது, அதுதான் காரணமாக இருக்கும் என்பது மார்ட்டினின் எண்ணம். ஃபங்க் சில மாதங்களிலேயே அந்த வழி அடைபட்ட வழி என்று கண்டார். புரதக் கூறுகளைத் தனித்தனியாகக் கொடுத்தும் புறாக்கள் பிழைக்கவில்லை.

ஆம், இங்கே கோழிகளுக்குப் பதில் புறாக்கள். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற புறா மூன்று வாரத்துக்குள் நிலைகுலையும். கால் நிற்காது. கழுத்து பின்னால் வளைந்து தலை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் செத்துவிடும். அந்த நிலையில் இருக்கிற புறாவுக்குத் தவிட்டுச் சாறு கொஞ்சம் கொடுத்தால், சில மணி நேரத்தில் தலை நிமிரும். எழுந்து நிற்கும். இதை நேரில் பார்த்த எவருக்கும் அது மறந்திருக்காது.

ஃபங்க் மூட்டைக்கணக்கில் தவிட்டை எடுத்து, அமிலம் கலந்த சாராயத்தில் ஊறவைத்தார். சாராயத்தை ஆவியாக்கினார். எஞ்சிய குழம்பிலிருந்து கொழுப்பை நீக்கினார். பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் சேர்த்து ஒரு பகுதியை வீழ்படிவாக்கினார். அதைப் பிரித்து, மறுபடி வெள்ளி உப்பு சேர்த்து வீழ்படிவாக்கினார். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இது புறாவை எழுப்புகிறதா? எழுப்பாததைக் கொட்டினார். எழுப்புவதை அடுத்த படிக்கு எடுத்துப் போனார்.

கடைசியில் கண்ணாடிக் குடுவையின் அடியில் மிகச் சிறிதளவு படிகங்கள் நின்றன.

அதில் நைட்ரஜன் இருந்தது. காரத்தன்மை இருந்தது. பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தில் வீழ்படிவாகும் கார நைட்ரஜன் பொருள் என்றால், அந்தக் கால வேதியியலாளர் எவரும் சொல்லக்கூடிய முதல் ஊகம் ஒன்றுதான்: அமைன்.

1911 டிசம்பரில் உடலியங்கியல் ஆய்விதழில் ஃபங்கின் கட்டுரை வந்தது. பறவைகளின் நரம்பு நோயைத் தீர்க்கும் பொருளின் வேதித் தன்மை பற்றி என்பது அதன் தலைப்பு. நீளமான, அடக்கமான தலைப்பு. அந்தப் பொருளுக்கு அதில் பெயர் இல்லை.

1912 ஜூன்

ஆறு மாதம் கழித்துப் பொதுநல மருத்துவ இதழ் ஒன்றில் இன்னொரு கட்டுரை. இது ஆய்வகக் குறிப்பு அல்ல, ஓர் அறைகூவல்.

பெரிபெரி மட்டுமல்ல என்றார் ஃபங்க். கப்பலோட்டிகளைக் கொன்ற ஸ்கர்வி. மக்காச்சோளத்தை நம்பி வாழும் ஏழைகளின் தோலை வெடிக்கவைக்கும் பெலாக்ரா. குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ். இவை அத்தனையும் ஒரே குடும்பத்து நோய்கள். உணவில் ஏதோ ஒன்று இல்லாததால் வருகிறவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பொருள் இருக்கவேண்டும்.

அதுவரை மருத்துவத்தில் நோய் என்றால் ஏதோ ஒன்று உள்ளே புகுவது. கிருமியோ, நஞ்சோ. இருக்கவேண்டியது இல்லாமல் போவதாலும் நோய் வரும் என்பதைப் பலரும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தவர் ஃபங்க்.

கூரைக்கு ஒரு பெயர் வேண்டும். லத்தீனில் உயிர் என்று பொருள்படும் 'வீட்டா'வை எடுத்தார். குடுவையில் கண்ட 'அமைனை' அதோடு சேர்த்தார்.

வைட்டமைன்.

இல்லாததைக் குறிக்க ஒரு சொல் இருந்ததில்லை. இப்போது வந்துவிட்டது.

இதே காலத்தில் வேறு பெயர்களும் முளைத்திருந்தன. டோக்கியோவில் உமெதாரோ சுசூகி 1910-லேயே தவிட்டிலிருந்து இதே பொருளைப் பிரிக்க முயன்று, பின்னர் 'ஒரைசனின்' என்று பெயரிட்டார். நெல்லின் தாவரப் பெயரான 'ஒரைசா'விலிருந்து எடுத்தது. இந்த ஒரைசாவை நம் அரிசியோடு உறவுபடுத்தினார் கால்டுவெல். பின்வந்த மொழியியலாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. சுசூகியின் முதல் கட்டுரைகள் ஜப்பானிய மொழியில் இருந்ததால் ஐரோப்பா அவற்றை உரிய நேரத்தில் படிக்கவில்லை. முன்னே ஓடியவர் பின்னே நிறுத்தப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ், 1912-இல் தன் எலிச் சோதனைகளை வெளியிட்டபோது, உணவின் துணைக் காரணிகள் என்றார். துல்லியமான பெயர். எந்த ஊகத்தையும் தலையில் சுமக்காத பெயர். ஆனால் ஒரு தாய்க்கோ, கப்பல் தலைவருக்கோ அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஃபங்கின் சொல்லைச் சொல்லலாம். அவரே பின்னாளில் தன் நூலின் ஆங்கிலப் பதிப்பில் எழுதினார்: எல்லாமே அமைன்களாக இராமல் போகலாம் என்று அப்போதே தெரியும், ஆனாலும் காதில் நன்றாக விழுந்து மனத்தில் நிற்கிற ஒரு சொல் தேவைப்பட்டது.

தெரிந்தே எடுத்த துணிச்சல் அது. அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் இந்தத் துறை இன்னும் பத்தாண்டு பெயரின்றிக் கிடந்திருக்கும் என்பது என் துணிபு.

அமைன் இல்லாத வைட்டமைன்

ஒரே ஆண்டில் சிக்கல் வந்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்மர் மெக்கல்லமும் மார்கரீட் டேவிஸும் 1913-இல் எலிகளுக்குப் பன்றிக்கொழுப்பும் ஆலிவ் எண்ணெயும் கொடுத்தபோது வளர்ச்சி நின்றது. வெண்ணெயோ முட்டைக்கருவோ கொடுத்தபோது வளர்ந்தன. ஆக, வெண்ணெயில் ஏதோ இருக்கிறது. ஆனால் அந்த ஏதோ ஒன்று கொழுப்பில் கரைவது. அதில் நைட்ரஜன் இருப்பதற்கான அறிகுறியே இல்லை. நைட்ரஜன் இல்லாமல் அமைன் ஏது?

மெக்கல்லம் ஃபங்கின் சொல்லைத் தொட மறுத்தார். கொழுப்பில் கரைவது ஏ, நீரில் கரைவது பி என்று வெறும் எழுத்துகளை வைத்தார். தவிட்டில் இருந்தது பி ஆயிற்று.

இப்போது மூன்று முகாம்கள். மருத்துவர்களும் பத்திரிகைகளும் வைட்டமைன் என்றார்கள். கேம்பிரிட்ஜ்காரர்கள் துணைக் காரணி என்றார்கள். அமெரிக்க வேதியியலாளர்கள் ஏ, பி என்றார்கள். ஒரே பொருளைப் பற்றிய கட்டுரைகளே ஒன்றையொன்று அடையாளம் காணமுடியாத நிலை.

முடிச்சை அவிழ்த்தவர் ஜாக் டிரம்மண்ட் என்ற இளம் ஆங்கிலேயர். 1914-இல் லண்டன் புற்றுநோய் மருத்துவமனை ஆய்வகத்தில் ஃபங்கோடு சேர்ந்து தவிட்டு வீழ்படிவை அலசியவர். இருவர் பெயரிலும் அந்த ஆண்டு ஒரு கட்டுரை வந்தது. மறு ஆண்டு ஃபங்க் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். டிரம்மண்ட் அந்தத் துறையிலேயே நின்றார்.

1920. உயிர்வேதியியல் ஆய்விதழில் டிரம்மண்டின் சின்னஞ்சிறு குறிப்பு. சொல்லைத் தூக்கி எறியவேண்டாம் என்றார். உலகம் பழகிவிட்டது. ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியாக நிற்கும் 'ஈ' என்ற எழுத்தை மட்டும் எடுத்துவிடலாம். அந்த எழுத்தோடு முடிந்தால் அது காரப்பொருள் என்று வேதியியல் சங்கத்து விதி சொல்கிறது. அது இல்லாமல் முடிந்தால், அமைப்பு இன்னதென்று தெரியாத நடுநிலைப் பொருள் என்று மட்டுமே பொருள். பொய் எதுவும் சொன்னதாகாது. கூடவே மெக்கல்லத்தின் எழுத்துகளையும் சேர்த்துக்கொள்வோம்: வைட்டமின் ஏ, வைட்டமின் பி, வைட்டமின் சி.

அவ்வளவுதான். ஓர் எழுத்து உதிர்ந்தது. சண்டை ஓய்ந்தது. ஹாப்கின்ஸின் தேர்ந்த சொல்லும் சுசூகியின் ஒரைசனினும் அகராதிகளின் பழைய பக்கங்களுக்குப் போயின. ஃபங்கின் ஊகம் போய், அவர் சொல் நிலைத்தது.

குடுவையில் இருந்தது யார்?

ஒன்று பாக்கி இருக்கிறது. ஃபங்கின் குடுவையில் இருந்த அந்தப் படிகங்கள்?

அவற்றைத் தூய்மைப்படுத்தத் தூய்மைப்படுத்தப் புறாவை எழுப்பும் சக்தி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எஞ்சியதை ஃபங்கே அடையாளம் கண்டார்: நிக்கோடினிக் அமிலம். புறாவை எழுப்பாததால் ஒதுக்கி வைத்தார். பெலாக்ராவும் சத்துக் குறைவு நோய்தான் என்று 1912-இல் துணிந்து சொன்னவர் அவர். பெலாக்ராவைத் தீர்க்கும் பொருள் அந்த நிக்கோடினிக் அமிலமேதான் என்பது 1937-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. இடையில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் அந்த நோயில் இறந்தார்கள். மருந்து அவர் கைப்புட்டியில் இருந்தது. அதை அவர் வேறொரு நோய்க்குச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் பெரிபெரியைத் தீர்த்தது எது? அது எங்கே ஒளிந்துகொண்டிருந்தது?

ஃபங்க் லண்டனுக்கு வந்த அதே 1910-இல், மணிலாவில் அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்வர்ட் வெடர், தவிட்டிலிருந்து எடுத்த பழுப்பு நிறச் சாறு ஒன்றை ஓர் இளைஞரிடம் கொடுத்திருந்தார். இதில் பெரிபெரியைத் தீர்ப்பது எதுவென்று கண்டுபிடி என்று கேட்டிருந்தார். அந்த இளைஞர் ராபர்ட் ரன்னல்ஸ் வில்லியம்ஸ். பாப்டிஸ்ட் சமயப் பணியாளர்களின் மகன். சென்னை மாகாணத்து நெல்லூரில் 1886-இல் பிறந்தவர்.

விடை சொல்ல அவருக்கு 26 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் மெக்கல்லத்தின் ஒற்றை எழுத்தான 'பி'யே ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. ஈஸ்ட்டை நீராவியில் அழுத்திச் சூடாக்கினால் பெரிபெரியைத் தீர்க்கும் சக்தி செத்துவிடுகிறது. ஆனால் எலிகளை வளர்க்கும் சக்தி சாகாமல் நிற்கிறது. ஒரே பொருள் பாதி செத்துப் பாதி பிழைக்குமா? பி என்ற எழுத்துக்குள் இருந்தது ஒருவரா, பலரா? நெல்லூர்க்காரரின் சாற்றில் கடைசியில் கண்ணுக்குத் தெரிந்தது அமைனா, இல்லையா?

(தொடரும்)